அடிவாரத்துக் குளவிக்கு ஒரு பெயர்

அன்புள்ள நண்பருக்கு,

கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. ஏற்காட்டு அடிவாரத்தில் உங்கள் மாட்டுக்கொட்டகைக் கூரையில் நீட்டிக்கொண்டிருக்கும் மூங்கில் முனைகளுக்குள் ஒரு கறுப்புக் குளவி போய்ப்போய் வருகிறது. கட்டெறும்பைவிடக் கொஞ்சம்தான் பெரியது. புத்தகத்திலும் இணையத்திலும் தேடிப் பார்த்தீர்கள், அதன் படம் கிடைக்கவில்லை. ஆகவே இது புதிய இனம்தான், ஏற்காட்டின் பெயரை இதற்கு வைக்க யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

புதிய இனமாக இருக்கலாம். ஆனால் படம் கிடைக்கவில்லை என்பது அதற்குக் காரணமாகாது. கூட்டம் சேர்ந்து வாழாமல் தனியாகவே கூடு கட்டிப் பிள்ளை வளர்க்கும் சிறு குளவிகளில் பெரும்பாலானவற்றை யாருமே உயிரோடு படம் எடுத்ததில்லை. நூறு வருடத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் பிடித்து, ஊசி குத்தி, லத்தீனில் நான்கு வரி எழுதிவிட்டுப் போயிருப்பார். அந்த நான்கு வரிதான் அதன் முழு ஜாதகம். அதை எடுத்துப் படித்து, அந்தப் பழைய ஊசியில் நிற்கும் பூச்சியோடு உங்கள் பூச்சியை ஒப்பிட்டு, ‘இது அது இல்லை’ என்று சொல்ல முடிந்தால்தான் புதிது. பூச்சி உங்கள் கொட்டகையில் இருக்கிறது. அது புதிதா இல்லையா என்பது கொட்டகையில் தெரியாது.

உங்கள் மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நல்ல வேளையாகப் பக்கவாட்டில் எடுத்திருக்கிறீர்கள். கண்ணின் உள்விளிம்பு ஆழமாக வெட்டுப்பட்டு, சிறுநீரகம் மாதிரி வளைந்திருக்கிறது. வயிறு முன்பக்கம் மெலிந்து நீண்டு, பின்னால் போகப்போகத் தடிக்கிறது. ஐந்தாவது படத்தில் வாயில் கவ்வியிருப்பது ஒரு சிலந்தி. இவ்வளவும் சேர்ந்தால் டிரைபாக்சிலான் என்ற பேரினத்தின் பக்கம்தான் சந்தேகம் போகிறது. இது என் ஊகம் மட்டுமே. உலகம் முழுக்க அதில் 600-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. ஏறக்குறைய எல்லாமே கறுப்பு, எல்லாமே ஒல்லி, எல்லாமே சிலந்தி வேட்டை. முகத்தின் கீழ்த்தகட்டின் விளிம்பு எப்படி வளைகிறது, முதுகின் பின்சரிவில் வரிகள் ஓடுகின்றனவா, குழிகள் இருக்கின்றனவா, ஆணின் கடைசி வயிற்று வளையங்களுக்குள் ஒளிந்திருக்கும் இனப்பெருக்க உறுப்பு என்ன வடிவம் என்று பார்த்துத்தான் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிப்பார்கள். கைபேசிப் படத்தில் இதில் எதுவும் தெரியாது.

சிறு குளவிகளின் பெயர்ப்பட்டியல் நம் பக்கத்தில் எவ்வளவு பழையது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் வீட்டுத் திரைச்சீலை மடிப்பிலும், மாட்டியிருக்கும் சட்டையிலும்கூட மண்ணைக் குழைத்து ஒட்டிவிட்டுப் போகுமே, மஞ்சள் கால் குளவி, அதற்கு 1781-லேயே டென்மார்க்கைச் சேர்ந்த ஃபாப்ரீசியஸ் பெயர் வைத்துவிட்டார். ஸ்கெலிஃப்ரான் மதராஸ்பட்டானம் என்று இன்றைக்கு அதைச் சொல்கிறோம். நம் மதராசபட்டினம்தான். லின்னேயஸின் மாணவர் கோனிக் 1768-ல் தரங்கம்பாடி மிஷனுக்கு வந்து, சோழமண்டலக் கரையிலிருந்து செடியும் பூச்சியுமாக ஐரோப்பாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. பிறகு 1897-ல் பிங்ஹாம் என்ற ராணுவ அதிகாரி அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் குளவிகளையும் தேனீக்களையும் ஒரே தொகுதியில் அடக்கினார். இன்றும் இந்தியக் குளவியைக் கையில் எடுப்பவர் அந்தப் புத்தகத்தைத் தாண்டிப் போக முடியாது. டிரைபாக்சிலானுக்கு என்று தனியாக ஜப்பானில் கட்சுஜி ட்சுனெகி என்பவர் 1970களின் பின்பாதியில் உட்கார்ந்து ஆசிய இனங்களைப் பற்றிக் கட்டுரைமேல் கட்டுரையாக எழுதித் தள்ளினார். உங்கள் குளவி இவர்கள் எல்லோரையும் தப்பி வந்திருக்க வேண்டும்.

தப்பி வந்திருக்கலாம் என்று நம்ப ஏற்காட்டிலேயே ஆதாரம் இருக்கிறது. குளவியில் இல்லை, பல்லியில். 2000-ல் இந்திரனீல் தாஸும் ஆரன் பாவரும் ஏற்காட்டிலிருந்து ஒரு சிறு பல்லிக்கு நிமாஸ்பிஸ் யெர்காடென்சிஸ் என்று பெயரிட்டார்கள். அதற்குள் காபி வந்து ஏறக்குறைய நூற்று எண்பது வருடம், வெள்ளைக்காரர்களின் கோடை பங்களாக்கள் வந்து நூறு வருடத்துக்கும் மேல். இன்னொரு கதை இதைவிடச் சுவையானது. பெட்டோம் என்ற காட்டிலாகா அதிகாரி 1870-ல், ஏற்காடு இருக்கும் அதே சேர்வராயன் மலையிலிருந்து ஒல்லியான ஒரு பல்லியை விவரித்தார்: ஹெமிஃபில்லோடாக்டைலஸ் ஆரண்டியாகஸ். பக்கத்து மலைகளில் கிடைத்த அதே மாதிரிப் பல்லிகளையும் வெகுகாலம் அதே பெயரில்தான் எழுதிவந்தார்கள். 2019-ல் மரபணுவோடு சேர்த்துப் பார்த்தபோது கொல்லிமலையில் இருப்பது வேறு என்று ஆகி, அதற்குக் கொல்லியென்சிஸ் என்று தனிப்பெயர் வந்தது. அதே பெட்டோம் 1863-ல் சேர்வராயனிலிருந்து பெயரிட்ட ஒரு மண்பாம்பை, ‘இது தனி இனமே இல்லை’ என்று பின்னால் வந்தவர்கள் வேறொன்றோடு சேர்த்துவிட்டார்கள். 2014-ல்தான் தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் அதை மறுபடி பிரித்தெடுத்து யூரோபெல்டிஸ் ஷார்ட்டி என்ற பழைய பெயரைத் திருப்பிக் கொடுத்தார்கள். நூற்றைம்பது வருடம் கழித்துக் கிடைத்த நியாயம். பாம்புக்கு அதனால் என்ன லாபம் என்று கேட்காதீர்கள். ஒரே மலையில் மட்டும் வாழும் உயிர் என்று தெரிந்தால், அந்த மலையைப் பற்றிப் பேசும்போது பேச்சே வேறு மாதிரி ஆகிறது.

கிழக்குத் தொடர்ச்சி மலை மேற்கே இருப்பதுபோல ஒரே கோட்டை இல்லை. சேர்வராயன், கொல்லி, கல்வராயன், பச்சைமலை, ஜவ்வாது என்று தனித்தனியாக நிற்கிறது. நடுவில் வெயில் கொளுத்தும் சமவெளி. பல்லியால் அதைக் கடக்க முடியவில்லை என்பது புரிகிறது. குளவிக்கு இறக்கை இருக்கிறது. அதுமட்டுமில்லை, மூங்கிலுக்குள் கூடு கட்டும் ஜாதி லாரி ஏறிப் பயணம் செய்யும். ஆசியாவின் ஒரு மண்குளவி 1970களின் கடைசியில் ஆஸ்திரியாவில் போய் இறங்கி, இன்று ஐரோப்பாவின் பல நாடுகளில் வீட்டுச் சுவரில் கூடு கட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே உங்களிடம் ஒரு கேள்வி: கொட்டகைக்குப் போட்ட மூங்கில் எங்கே வாங்கியது? மலையில் வெட்டியதா, சேலம் டிப்போவா, வடகிழக்கிலிருந்து வந்த லோடா? இதைக் குறித்துவையுங்கள். அசாமில் சாதாரணமாகத் திரியும் குளவிக்கு ஏற்காட்டின் பெயரை வைத்துவிட்டால் பிறகு யார் நினைத்தாலும் அதை மாற்ற முடியாது. தவறான ஊர்ப்பெயரும் சட்டப்படி நிற்கும்.

இனி அந்த மூங்கிலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். என்னைக் கேட்டால் பெயரைவிட இதுதான் சங்கதி.

தாய் ஒரு பொந்தைத் தேர்ந்தெடுக்கிறாள். தானே துளைப்பதில்லை. மூங்கில் ஓட்டை, வண்டு துளைத்துவிட்டுப் போன வழி, பழைய ஆணித்துளை என எது கிடைத்தாலும் போதும். காபித் தோட்டமாக இருந்தால் தண்டுத்துளைப்பான் வண்டு வெளியேறிய துளைகள் எக்கச்சக்கம். உள்ளே சுத்தம் செய்துவிட்டுச் சிலந்தி பிடிக்கப் போகிறாள். வலையில் இருப்பதைக் கொத்தி எடுத்து, நரம்பு முடிச்சுக்குள் கொடுக்கை இறக்குகிறாள். சிலந்தி சாவதில்லை. காலை மடக்கிக்கொண்டு அசையாமல் கிடக்கும். செத்திருந்தால் இரண்டு நாளில் அழுகிவிடும். முடங்கினால் குஞ்சு தின்னும் வரை கெடாது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரு சிலந்தியின் வயிற்றில் நீளமான வெளிறிய முட்டை ஒன்றை ஒட்டிவிட்டு, ஈரமண் கொண்டுவந்து சுவர் எழுப்புகிறாள். அடுத்த அறை. மறுபடி சிலந்தி, முட்டை, சுவர். குழாய் நிறைந்ததும் வாசலுக்குத் தடித்த மூடி.

இந்த அறைகளின் வரிசையில் ஒரு கணக்கு இருக்கிறது. குளவி இனத்தில் கருவுற்ற முட்டை பெண்ணாகும், கருவுறாத முட்டை ஆணாகும். எதை எங்கே வைப்பது என்பது தாயின் கையில். குழாய்க்குள் கூடு கட்டும் குளவிகள் பலவற்றில் உட்புற அறைகள் பெண்ணுக்கு, வாசலோரம் ஆணுக்கு. ஆண்கள்தான் முதலில் வளர்ந்து வெளியே வருவார்கள். பின்னால் இருந்தால் முன்னால் இருக்கும் சகோதரிகளை முட்டிக்கொண்டுதான் வர வேண்டியிருக்கும். டிரைபாக்சிலானில் இன்னொரு வினோதமும் உண்டு. சில இனங்களில் ஆண் குளவி கூட்டு வாசலில் காவல் நிற்கும். குளவி உலகில் தகப்பன் வீட்டு வேலைக்கு வருவது அபூர்வம். நீங்கள் எடுத்த இரண்டாவது படத்தில் மூங்கில் வாயில் ஒரு தலை மட்டும் தெரிகிறதே, அது தாயா, காவல்காரரா? படத்தை வைத்து என்னால் சொல்ல முடியவில்லை. தாய் சிலந்தியோடு திரும்பி வரும்போது அந்தத் தலை நகர்ந்து வழி விடுகிறதா என்று பாருங்கள். நீங்கள் பத்து நிமிடம் அங்கே நின்றால் தெரிந்துவிடும். லண்டனில் ஊசியில் நிற்கும் பூச்சியை ஆயுள் முழுக்கப் பார்த்தாலும் தெரியாது.

குளவி கொட்டக் கொட்டப் புழுவே குளவியாக மாறிவிடும் என்று நம் முன்னோர் சொல்லிவைத்தார்கள். பார்த்தது தப்பில்லை. குளவி எதையோ பிடித்துக்கொண்டு போய் அடைத்ததைப் பார்த்தார்கள், சில வாரம் கழித்து அதிலிருந்து குளவி வந்ததையும் பார்த்தார்கள். நடுவில் உடைத்துத்தான் பார்க்கவில்லை. வீட்டில் குளவி கூடு கட்டினால் பிள்ளை பிறக்கும் என்ற நம்பிக்கை இருக்கும்போது யார் உடைப்பார்கள்? உடைக்கவிடாமல் காத்ததில் குளவிக்கு நல்லதுதான்.

நீங்கள் ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. குழாயிலிருந்து வெளியே வருவதெல்லாம் கட்டியவளின் பிள்ளை இல்லை. பச்சையும் நீலமுமாக உலோகம்போல மின்னும் குயில்குளவி, தாய் வெளியே போன நேரம் பார்த்து உள்ளே நுழைந்து தன் முட்டையை வைத்துவிடும். அதைவிடச் சிறிய, கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒட்டுண்ணிக் குளவிகளும் உண்டு. மின்னுவதைப் பார்த்து இதுதான் என் குளவி என்று எழுதி அனுப்பிவிடாதீர்கள்.

இப்படிக் குழாய் வைத்துக் காத்திருந்ததால் உலகத்துக்குத் தெரியவந்த ஒரு குளவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தென்கிழக்குச் சீனாவின் காடுகளில் ஆய்வாளர்கள் நாணல் குழாய்களைக் கட்டுக்கட்டாகத் தொங்கவிட்டிருந்தார்கள். சில கூடுகளைப் பிரித்தபோது வாசலோர அறை முழுக்கச் செத்த எறும்புகள். குஞ்சுக்கு உணவு அது இல்லை, உணவாகச் சிலந்தி உள்ளே தனியாக இருந்தது. எறும்பு அறையைக் கட்டிய குளவியின் குஞ்சை வளர்த்தெடுத்துப் பார்த்தால் அதுவரை யாரும் பெயரிடாதது. 2014-ல் டியூட்டராஜீனியா ஒஸ்ஸேரியம் என்று பெயர் வைத்தார்கள். மற்ற குழாய்க் கூடுகளைவிட இதன் கூடுகளில் ஒட்டுண்ணி குறைவாக இருந்தது. கொட்டும் எறும்பின் வாடை வீசும் வீட்டை எதிரி அண்டாது என்பது அவர்கள் ஊகம். யோசித்துப் பாருங்கள், இதே குளவியை யாராவது வலை வீசிப் பிடித்திருந்தால், ‘கறுப்பு, சிலந்தி வேட்டையாடும் குடும்பம்’ என்று எழுதிப் பெட்டியில் வைத்திருப்பார்கள். எறும்புச் சங்கதி வெளியே வந்திருக்காது.

பெட்டியில் வைப்பது என்றதும் இன்னொன்று. ஒரு பூச்சி பிடிபட்ட நாளுக்கும் அதற்குப் பெயர் அச்சேறும் நாளுக்கும் இடையே சராசரியாக 21 வருடம் ஆகிறது என்று 2012-ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். பூச்சி மட்டுமில்லை, எல்லா உயிர்களுக்கும் சேர்த்த கணக்கு. காரைக்கால் பக்கம் குரும்பகரத்தில் இருந்த பி. சூசை நாதனைக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். பூச்சி பிடிப்பதையே தொழிலாகக் கொண்டு தென்னிந்திய மலைகள் எங்கும் அலைந்தவர். அவர் கைபட்ட பூச்சிகள் லண்டனிலிருந்து வட அமெரிக்கா வரை அருங்காட்சியகங்களில் அவர் பெயர் எழுதிய சீட்டோடு நிற்கின்றன. நாதனி என்று முடியும் பூச்சிப் பெயர்கள் பல. எல்லாம் அவருக்குச் செய்த மரியாதை. உங்கள் குளவியை அவர் எப்போதோ பிடித்து, அது ஏதோ ஒரு வெளிநாட்டு டிராயரில் பெயரில்லாமல் காத்துக்கொண்டிருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

கொல்லாமல் முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. 2015-ல் தென்னாப்பிரிக்க ஈ ஒன்றுக்குப் படங்களை மட்டும் வைத்துப் பெயரிட்டார்கள். பூச்சியியல் உலகில் பெரிய சண்டையே நடந்தது. நான் எதிர்த்தவர்கள் பக்கம். படத்தில் தெரியாததை நாளைக்கு ஒருவர் சரிபார்க்க வேண்டுமென்றால் பூச்சி வேண்டும். புதிய பெயர் ஒவ்வொன்றும் ஒரே ஒரு உடலோடு கட்டப்பட்டிருக்கிறது. அதை ஹோலோடைப் என்கிறார்கள். 2000-லிருந்து வரும் இனப்பெயர்களில் எந்த உடல் ஹோலோடைப், அது எங்கே வைக்கப்படும் என்பதை வெளிப்படையாக எழுத வேண்டும் என்பது சர்வதேச விலங்குப் பெயரிடல் விதி. இந்தியாவில் அதற்கு மேல் 2002-ம் வருட உயிரியல் பன்மைச் சட்டமும் இருக்கிறது. புதிய இனத்தை யார் கண்டுபிடித்தாலும் அரசு அறிவித்த காப்பகத்துக்குத் தெரிவித்து மாதிரியை ஒப்படைக்க வேண்டும். விலங்குகளுக்கு ஜூவாலஜிக்கல் சர்வே ஆஃப் இந்தியா. அதன் தென்மண்டல மையம் சென்னையில் சாந்தோமில் இருக்கிறது, கோழிக்கோட்டிலும் ஒரு மையம் உண்டு. நான்கைந்து குளவி போதும். ஆணும் பெண்ணும் வேண்டும். ஒரே இனத்தின் ஆணுக்கும் பெண்ணுக்கும் இரண்டு பெயர் வைத்துப் பிற்பாடு ஒன்றாக்கிய கூத்து பூச்சியியலில் ஏராளம். உங்கள் கொட்டகை உங்கள் இடம், அதில் சிக்கல் இல்லை. மலையேறிக் காப்புக்காட்டுக்குள் போய் வலை வீசாதீர்கள். அதற்கு வனத்துறை அனுமதி வேண்டும்.

பெயர் விஷயம். யெர்காடென்சிஸ் என்ற பெயர் பல்லிக்குப் போய்விட்டதே என்று கவலைப்பட வேண்டாம். பேரினம் வேறானால் அதே பெயரைத் திரும்ப வைக்கலாம். அம்மாவின் பெயரை வைக்க ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கும் தடையில்லை. பெண்ணின் பெயரானால் ‘ஏ’ என்று முடியும், அவ்வளவுதான். ஆனால் பெயர் வைக்கும் உரிமை கட்டுரை எழுதுபவருடையது. மாதிரியைக் கொடுக்கும்போதே அவரிடம் சொல்லிவையுங்கள். பெரும்பாலும் மதிப்பார்கள். பெர்லின் அருங்காட்சியகத்தில் ஒரு கரப்பான்வேட்டைக் குளவிக்கு வந்துபோகிற பொதுமக்களிடமே வாக்கெடுத்து, ஹாரி பாட்டர் கதையில் ஆன்மாவை உறிஞ்சும் பேயின் பெயரை வைத்தார்கள், ஆம்புலெக்ஸ் டிமென்டர் என்று. அதோடு ஒப்பிட்டால் உங்கள் அம்மாவின் பெயர் ஆயிரம் மடங்கு மேல்.

இப்போது செய்ய வேண்டியது. சித்திரை மழைக்கு முன்னால் உள்விட்டம் மூன்று முதல் எட்டு மில்லிமீட்டர் வரை உள்ள நாணல், மூங்கில் குச்சிகளை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டுங்கள். ஒரு முனையில் கணு இருக்கட்டும். ஒவ்வொன்றையும் நீளவாக்கில் பிளந்து, மறுபடி சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டுவிடுங்கள். பிறகு திறந்து பார்க்க வசதி. இருபது முப்பதைக் கட்டாகக் கட்டி, மழை படாத இறவாரத்தில் தொங்கவிட்டு, கயிற்றில் கிரீஸ் தடவிவிடுங்கள். இல்லையென்றால் எறும்பு ஒரே ராத்திரியில் காலி செய்துவிடும். மூடி போட்ட குழாயை எடுத்து, கண்ணாடிக் குழலுக்குள் போட்டு வாயைப் பஞ்சால் அடைத்து நிழலில் வையுங்கள். ஒரு குழாயைத் திறந்து எத்தனை அறை, ஒவ்வொன்றிலும் எத்தனை சிலந்தி, எல்லாம் ஒரே ஜாதியா என்று எழுதுங்கள். சிலந்திகளையும் தூக்கிப்போட வேண்டாம், அவையும் யாருக்காவது தேவைப்படும்.

வெளிவந்த குளவியை ஃப்ரீசரில் ஒரு ராத்திரி வைத்தால் போதும். பிறகு சிறு குப்பியில் ஸ்பிரிட்டில் போட்டு, உள்ளேயே ஒரு சீட்டு. ஊர், கொட்டகை, கடல்மட்டத்திலிருந்து உயரம், கைபேசி காட்டும் அட்சரேகை தீர்க்கரேகை, தேதி, எந்தக் குழாயில் எத்தனையாவது அறை, பிடித்தவர் பெயர். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். மூங்கில் வாங்கிய கடையின் விவரத்தையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்